டிக்கெட் இயல்: உக்கடம் பாடம்

ஒரு பழஞ்சொல்லின் இடையினம் மெல்லினமாயினதா அல்லது மெல்லினமே இடையினமாயினதா என்று நாற்பது பக்கம் வாதித்து, நாற்பத்தோராம் பக்கத்தில் 'இது மேலும் ஆராயத்தக்கது' என்று பேனாவை மூடிவைக்கும் பெரியோர் மலிந்த இந்நாட்டில், கணினிக் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தப் பணியாளனாகப் புகுந்தவன் முதல் மாதத்தில் படும் பாட்டைக் குறித்து ஒரு சூத்திரமேனும் இயற்றப்படாதிருத்தல் பெருங்குறையாகும். 2010ஆம் ஆண்டு ஜூன் 23 முதல் 27 வரை, நம் கோவையில், கொடிசியா வளாகத்தில், உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடிப் புலவர் பெருமக்கள் அடுக்கடுக்காய்க் கட்டுரை படித்த காலையும் இப்பொருளை ஒருவர் தொட்டதாக அடியேன் கேட்டதில்லை. உக்கடத்திலிருந்து சரவணம்பட்டிக்கு நாள்தோறும் பஸ் ஏறி, அங்கு வேலையின்றி உட்கார்ந்து, மாலையில் மீளும் பேறு எனக்கு வாய்த்தமையின், அக்குறையைத் தீர்க்கத் துணிந்தேன்.

முதற்கண் திணை. மக்களை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் தொல்காப்பியம் பகுத்தது யாவரும் அறிந்ததே. ஆயினும், ஆளை அனுப்பும் வெண்டரும் ஆளைப் பெறும் கிளையண்டும் ஒப்பந்தப் பணியாளனை 'ரிசோர்ஸ்' என்றே வழங்குதலின், "நம்ம ரிசோர்ஸ் வந்திருச்சுங்களா?" என்னும் வாக்கியத்தில் அவன் அஃறிணை ஒருமை முடிபு கொள்கின்றான். அவனே ஒரு பிழை செய்துவிட்டாலோ, "யாருங்க அந்த ஆளு?" என்று உடனே உயர்திணைக்கு மீட்கப்படுகின்றான். ஆதலின் இதனை விரவுப்பெயர் எனக் கொள்வதே அமையும்.

அவன் எய்தும் துன்பங்கள் ஆறு வகைப்படும். வாயில் துன்பம் என்பது, "கான்ட்ராக்டுங்களா தம்பி? அப்ப அந்தப் பக்கம் போய்க் கையெழுத்துப் போடுங்க" எனப்படுவது. கழுத்துப்பட்டைத் துன்பம் என்பது, நிரந்தரத்தார்க்கு நீலமும் நமக்கு ஆரஞ்சும் அணிவிக்கப்படுவது. நாற்காலித் துன்பம் என்பது, விடுப்பில் போனவர் திரும்பி வருவது. உணவுத் துன்பத்தை எழுதப் புகின் பசி மிகும். ஊதியத் துன்பம் மாதக் கடைசியில் தோன்றி அடுத்த மாதக் கடைசிவரை நிலைபெறும். ஆறாவதாகிய டிக்கெட் துன்பமே இந்நூலின் உயிர்நிலை.

அதற்குள் புகுமுன், துன்பத்துக்கு மூலமான இரு எஜமானர் நிலையைக் கூறுதல் வேண்டும். எனக்குச் சம்பளம் தருபவர் என்னைப் பார்த்ததில்லை. பார்ப்பவர் சம்பளம் தருவதில்லை. 1970இல் பார்லிமெண்டு இயற்றிய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 'முறைப்படுத்தல்', 'ஒழித்தல்' என்னும் இரு தொழில்களையும் தன் பெயரிலேயே சேர்த்து வைத்துக்கொண்டது. முறைப்படுத்தி ஒழிப்பதா, ஒழித்து முறைப்படுத்துவதா என்பது பெயரால் விளங்குமாறில்லை. ஒப்பந்தக்காரர் கூலி கொடாதொழியின் முதன்மை வேலையளிப்பவரே கொடுக்கக் கடவர் என்று அதில் ஒரு விதி இருந்தது. கூலிக்கு விதி கண்ட சட்டம் பாஸ்வேர்டுக்கு விதி காணாது போயிற்று. என் வெண்டர் ஒப்பந்தத்திலோ, இரண்டாம் பக்கத்து எழுவாய்க்குரிய பயனிலை இருபத்தெட்டாம் பக்கத்து அடிக்குறிப்பில் கிடக்கின்றது. பாட்டின் தலையிலுள்ள சொல்லை வாலிலுள்ள சொல்லோடு கூட்டிப் பொருள் உரைத்தார் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியரைக் குறைகூறும் ஆராய்ச்சியாளர், இவ்வொப்பந்தத்தை ஒருமுறை வாசித்தபின் அன்னாருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது முறையாகும்.

இனி டிக்கெட். இச்சொல் இருபொருட்டு. உக்கடம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் கிழித்துத் தருவது ஒன்று. கம்பெனியில் ஹெல்ப் டெஸ்க்குக்கு நாம் போடுவது மற்றொன்று. முன்னது கைக்கு வந்ததும் நாம் போகின்றோம். பின்னதோ, அது போய்விடுகின்றது, நாம் இருக்கின்றோம். முன்னதற்கு ஸ்டேஜ் உண்டு. பின்னதற்கு எல்-1, எல்-2, எல்-3 என்னும் லெவல் உண்டு. ஸ்டேஜ் ஏறக் கட்டணம் ஏறும். லெவல் ஏறப் பதில் குறையும்.

பாஸ்வேர்டு பெற டிக்கெட் போடவேண்டும். டிக்கெட் போடும் பக்கமோ பாஸ்வேர்டு கேட்கும். ஒன்றையொன்று பற்றி நிற்கும் இக்குற்றத்தைத் தார்க்கிகர் அன்னியோன்னியாசிரயம் என்பர். மேனேஜர் தம் பெயரில் போடலாம் எனின், அதற்கு என் எண் வேண்டும். எண் கார்டில் இருக்கும். கார்டு அச்சாகச் சிஸ்டத்தில் என் பெயர் ஏறவேண்டும். பெயர் ஏற நான் ஒருமுறை உள்ளே நுழையவேண்டும். நுழையப் பாஸ்வேர்டு வேண்டும். இது சக்கரகம். எல்-1 எல்-2ஐயும், எல்-2 எல்-3ஐயும், எல்-3 'அது எங்க டீம் இல்லீங்க' என்று இன்னொரு டீமையும் சுட்ட, முடிவின்றிச் செல்வது அநவஸ்தை. நியாய சாஸ்திரத்தார் இவற்றைக் குற்றங்கள் என்று தள்ளினர். கம்பெனியார் இவற்றுக்கே 'ப்ராசஸ்' என்று பெயரிட்டுப் பயிற்சி வகுப்பும் நடத்துகின்றனர். அவ்வகுப்பு கட்டாயம், அதைத் திறக்கவும் பாஸ்வேர்டு கேட்கும்.

பாஸ்வேர்டு எந்நாள் வரும் என்பதில் பாடபேதம் மிகுதி. 'ஒரு வாரம்' என்பது வெண்டர் பாடம். 'அடுத்த வாரம்' என்பது அதன் திருத்திய பதிப்பு. 'வர்றப்ப வருமுங்' என்பது காவலாளி உரை. சொற்சுருக்கமும் பொருட்டெளிவும் உடைமையின் அதுவே மூலபாடம் ஆகலாம். இவற்றுக்கெல்லாம் மாறாக, உக்கடம் பஸ் நிலையத்துக்கருகே பேக்கரிக் கல்லாவில் அமர்ந்திருக்கும் பெரியவர் அருளிய வாய்மொழி மரபு ஒன்று உண்டு (பேக்கரிச் சுவடி, தேங்காய் பன் படலம், இரண்டாம் டீ, சர்க்கரை கம்மி, மழை நாளில் கேட்டது, முட்டை பஃப்ஸ் தீர்ந்த நேரமாதலின் மூலத்தின் கடைசி வரி கோபத்தில் சிதைவுற்றது). அது வருமாறு: "பாலமே வந்திருச்சு தம்பி, பாஸ்வேர்டு வராமயா போயிரும்?" இவ்வுரையின் ஆழம் அறிய, உக்கடம் ஆத்துப்பாலம் மேம்பாலம் 2018இல் கட்டத் தொடங்கி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டதென்னும் வரலாறு வேண்டும். இவ்வுரையை 'பாலம் வரட்டும், பாஸ்வேர்டும் வரும்' என எதிர்கால வினையாகப் பாடங்கொள்வார் ஒருசாரார் (மேற்படி சுவடி, அடுத்த மேசைப் பிரதி, ஏடு எடுத்தோர் பொள்ளாச்சி பஸ் கிளம்பிவிட்டதாகப் பதைத்து ஓடியமையின் முற்றுப்பெறாதது). பாலம் வந்துவிட்டமையின் அப்பாடம் காலமுரண் உடைத்து. ஆயினும் ஏடு பழையதாக இருக்கலாம் என்று அவர் விடாது வாதிப்பர். நம் பல்கலைக்கழகங்களில் இதனினும் மெலிந்த ஆதாரத்தின்மேல் நூல்களின் காலம் நிர்ணயிக்கப்பட்டிருத்தலின், அவரை நான் மறுக்கத் துணியேன்.

இத்தனை சக்கரங்களுக்கிடையே எப்படியோ போடப்பட்டுவிட்ட என் டிக்கெட்டுக்கு இருபத்திரண்டாம் நாள் விமோசனம் பிறந்தது. மேனேஜர் தம் திரையைத் திருப்பிக் காட்டினார். 'பயனருக்கு மும்முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வராமையால் டிக்கெட் மூடப்படுகிறது' என்று அதில் இருந்தது. அம்மின்னஞ்சல்கள் மூன்றும், நான் திறக்கவேண்டிப் பாஸ்வேர்டு கேட்ட அதே பெட்டிக்கே போயிருந்தன.

மறுநாள் புது டிக்கெட் போடப்பட்டது. அது இப்பொழுது எல்-2இல் இருக்கின்றது. வாசகர்களுள் எவருக்கேனும் ஹெல்ப் டெஸ்க்கில் சொந்தக்காரரோ, சொந்தக்காரருக்குத் தெரிந்தவரோ இருப்பின், தயைகூர்ந்து மின்னஞ்சல் அனுப்பாமல், மாலை ஆறரைக்குமேல் மேற்படி பேக்கரிக்கு நேரில் வந்து சொல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.