இனம்புரியாத உணர்வுக்கு ஒரு ரசீது

நம் நாவல்களில் யாரும் அழுவதில்லை. விழிகள் கண்ணீர்ப் பூக்களைச் சொரிகின்றன. யாரும் சாவதில்லை. காலத்தின் கருவறைக்குள் நிரந்தர மௌனமாக உறைந்துபோகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்கூடச் சும்மா நிற்பதில்லை. இருத்தலின் பெரும்பாழில், இனம்புரியாத ஒருவித உணர்வு நெஞ்சை அழுத்த, எல்லையற்ற காத்திருப்பின் மௌன சாட்சியாக நிற்கிறான். பஸ் வர மூன்று பக்கம் ஆகிறது.

இந்த ‘இனம்புரியாத’ உணர்வை ஒருநாள் பிடித்து நிறுத்தி விசாரிக்க வேண்டும். பாத்திரத்துக்கு என்ன உணர்வு என்று எழுதுபவருக்கே தெரியவில்லை. தெரியவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதையே அச்சடித்து, 650 ரூபாய் விலை போட்டு நம் கையில் கொடுக்கிறார். வண்டியைக் கழற்றிப் போட்ட மெக்கானிக், “ஏதோ இனம்புரியாத கோளாறு சார்” என்று சொல்லி பில்லை நீட்டினால் விடுவோமா? இலக்கியம் என்றால் மட்டும் பொன்னாடை போர்த்துகிறோம்.

ஒரு வாக்கியத்தை மேஜைமேல் கிடத்திப் பார்ப்போம். எந்த நூலிலிருந்தும் எடுத்ததல்ல. நானே செய்தது. எந்த நூலில் வைத்தாலும் பொருந்தும்.

“சொல்லவொண்ணாத் துயரத்தின் கரிய நிழல் கவிந்த அந்த நள்ளிரவின் ஆழ்ந்த நிசப்தத்தில், தன் மெல்லிய தளிர் விரல்களால் அந்தப் பழைய மரக்கதவின் துருப்பிடித்த இரும்புத் தாழ்ப்பாளை மெல்ல, மிக மெல்ல விலக்கினாள் அவள்.”

சொல்லவொண்ணாத் துயரம். சொல்ல முடியாதென்றால் சொல்லாமல் இருந்திருக்கலாம். நள்ளிரவு கரியதாக இருப்பது ஊருக்கே தெரியும். தளிர் விரல் எப்படி வந்தது? போன அத்தியாயம்வரை அவள் செங்கல் சூளையில் கல் சுமந்தாளே. அங்கே இல்லாத தளிர் இங்கே எப்படி முளைத்தது? துருப்பிடித்தது என்றாலே இரும்புதான். எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் இவ்வளவுதான்: “நள்ளிரவில் துருப்பிடித்த தாழ்ப்பாளை விலக்கினாள்.”

‘துருப்பிடித்த’ இருக்கட்டும். அந்த ஒரு சொல்லுக்கு அங்கே வேலை இருக்கிறது. துருப்பிடித்த தாழ்ப்பாள் கிரீச்சிடும். உள்ளே புருஷன் தூங்குகிறான். விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? கதையே அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. எழுதியவர் காதில் அது விழவில்லை. அவர்தான் ‘ஆழ்ந்த நிசப்தம்’ என்று முன்கூட்டியே உத்தரவு போட்டுவிட்டாரே.

இது அறியாமை என்று யாராவது வக்காலத்து வாங்கினால் நம்பாதீர்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைப் பட்டியல் போட்டுவிட்டார். மிகைபடக் கூறல். வெற்றெனத் தொடுத்தல். மற்றொன்று விரித்தல். சென்று தேய்ந்திறுதல். நின்று பயனின்மை. தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இன்றைக்கு இதே குற்றங்களை ஒரே பின்னட்டையில் பாராட்டாகப் படிக்கலாம். மிகைபடக் கூறினால் ‘அடர்த்தியான மொழி’. மற்றொன்று விரித்தால் ‘நேர்கோடற்ற எழுத்து’. சென்று தேய்ந்திற்றால் ‘திறந்த முடிவு’. நின்று பயனின்மைக்கு விருதே உண்டு.

பழி முழுவதையும் எழுத்தாளர் தலையில் கட்டுவதும் அநியாயம். சும்மா யாரும் வளர்த்துவதில்லை. வளர்த்தினால் காசு இருக்கிறது.

16 பக்கம் ஒரு பாரம். அரசு நூலகங்களுக்கு வாங்கும் புத்தகத்துக்கு நம்மூரில் விலை கட்டிவந்தது பாரத்தை எண்ணித்தான். தேர்ந்தெடுக்கக் குழு உண்டு; ஆனால் ரூபாயைத் தீர்மானித்தது கனம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 480 பக்க நாவலை விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து 160 பக்கம் ஆக்குகிறார் என்று வையுங்கள். 20 பாரம் போச்சு. பதிப்பாளர் அந்த ஆளை மறுபடி வாசல்படி ஏறவிடுவாரா? ‘மெல்ல, மிக மெல்ல’ என்று எழுதுகிறவர்தானே அவருக்குப் பிள்ளை.

அந்த ‘மிக மெல்ல’வுக்குப் பணம் கட்டியது யார்? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் முட்டி மோதியதன் பலன். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலாகிறது. இன்று அது 10 சதவீதம். குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, தளிர் விரலுக்கு நீங்கள் பணம் கட்டியாகிவிட்டது.

ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை வகுத்தார். உலகம் முழுக்க நூலகவியல் மாணவர்கள் படிப்பது. அதில் நான்காவது விதி, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. அந்த மனிதர் பாடுபட்டுக் கொண்டுவந்த வரிப்பணத்தில்தான் பஸ்ஸுக்காக மூன்று பக்கம் காத்திருக்கிறோம்.

உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு தினசரிக்கு நான்கு பேர் முறைபோட்டு உட்கார்ந்திருப்பார்கள். டி.என்.பி.எஸ்.சி. கைடு அட்டை கிழிந்து, நைந்து, நூல் தொங்கும். அந்த 480 பக்க நாவல் மட்டும் வந்த அன்று இருந்த மினுமினுப்பு குலையாமல் இருக்கும். திறந்தால் பசை வாசனை அடிக்கும். தேதிச் சீட்டில் ஒரு முத்திரை இருக்காது. அபூர்வமாக யாரோ ஒருவர் நாலாம் பக்கம்வரை போயிருப்பார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்: “முடியலடா சாமி.” அந்த அலமாரியிலேயே சிக்கனமான நடை அதுதான்.

தடி நாவல்மேல் நமக்குப் பகை கிடையாது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கம் தாண்டும். அதில் சொல்ல அத்தனை தலைமுறைகள் இருக்கின்றன, கழுகுமலையும் சிவகாசியும் பற்றியெரிகின்றன. சரக்கு இருக்கிறது, மூட்டை பெரிதாக இருக்கிறது. சண்டை, காலி மூட்டைக்குக் கூலி கேட்பவர்களோடுதான். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் வந்தது. சென்னையின் வறட்சி, ஒரு தெரு, குடத்தோடு அலையும் ஜமுனா. மெலிந்த புத்தகம். ஒரு சொட்டுகூடச் சிந்தாத நடை. இப்படி எழுதுகிறவர்களுக்கு நம் பண்டிதர்கள் சூட்டிய பட்டம் ‘தட்டை’. மௌனி வாழ்நாள் முழுக்க எழுதிய கதைகள் முப்பதைத் தொடாது. இன்று இருந்தால் நூலக ஆணைக்கு ஒரு தொகுப்பு தேறுமா என்று பதிப்பாளர் கவலைப்பட்டிருப்பார்.

ஒவ்வொரு வரிக்கும் ஆசிரியரோடு மல்லுக்கட்டிய பதிப்பாளர் நம்மிடமும் இருந்தார். 1974இல் க்ரியாவைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 2020இல் இறந்தபோது, எடிட்டிங் என்றால் என்ன என்று தமிழுக்குக் காட்டியவர் என எல்லோரும் அஞ்சலி எழுதினார்கள். நீளமாக எழுதினார்கள். எடிட் பண்ணாமல் எழுதினார்கள். மறுநாள் அவரவர் நாவலுக்குத் திரும்பி, அவரவர் ‘பிரபஞ்சப் பேரமைதி’யைத் தொடர்ந்தார்கள்.

எடிட்டர் வைத்துக்கொள்ள வசதியில்லை என்பது பதிப்பாளர்களின் நிரந்தரப் பாட்டு. வெளியீட்டு விழாவுக்கு ஏ.சி. ஹால் பிடிக்க வசதி இருக்கிறது. வாசலில் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. மேடையில் பதினோரு பேர். நினைவுப் பரிசு. பேசுகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைப் படிக்கவில்லை. மீதிப் பேர் படிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டுவிட்டு அரைமணி நேரம் பேசுகிறார்கள். புத்தகத்துக்குள்ளும் அதே மேடைதான். பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை. கதாநாயகன் வருவதற்குள் ஒரு பாரம் முடிந்துவிடுகிறது. அதற்கும் காசுதான்.

அரசுக்கு ஒரு யோசனை சொல்லலாம். அச்சடித்த பாரத்துக்குப் பணம் கொடுத்தது போதும். வெட்டிய பாரத்துக்குக் கொடுங்கள். கையெழுத்துப் பிரதியையும் அச்சான புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்த பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை கட்டுங்கள். ஒரே வருடத்தில் ‘சொல்லவொண்ணா’ ஊரைக் காலி செய்யும். 96 பக்க நாவல்கள் வரிசைகட்டி நிற்கும்.

ஆனால் நம் ஆட்களைத் தெரியாதா? 96 பக்க நாவலுக்கு 2,000 பக்கக் கையெழுத்துப் பிரதி தயாராகும். வெட்டியதற்கெல்லாம் பில் போடுவார்கள். பணம் கைக்கு வந்ததும், வெட்டியதையெல்லாம் பொறுக்கித் தைத்து இரண்டாம் பாகமாக வெளியிட்டு, அதற்கும் நூலக ஆணை கேட்டு மனுப் போடுவார்கள்.