மூட்டை கட்டும் முறை: கோல சிலாங்கூரிலிருந்து கேமரன் மலை வரை

மலேசியாவில் பருவம் மாறுவதே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தவர் வாடகை பஸ்ஸில் கேமரன் மலைக்குப் போயிருக்க மாட்டார். கோல சிலாங்கூரில் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24. ஜனவரியிலும் அதுதான், ஜூலையிலும் அதுதான். இதை நம்பி ஒற்றை டீ-சட்டையோடு ஏறினால், பஸ் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் பல் தந்தியடிக்கும். வெளியே செம்பனை மரங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். உள்ளே சித்தப்பா துண்டால் காதைக் கட்டியிருப்பார்.

ஆகவே பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரத்துத் தோட்டத்துக் குடும்பங்களின் நலன் கருதி இந்தக் கையேடு வெளியிடப்படுகிறது. பின்பற்றுவதும் பின்பற்றாததும் அவரவர் அத்தையைப் பொறுத்தது.

முதலில் நாட்டின் அளவுகோலைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பதிவான உச்ச வெப்பம் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9. ஆகக் குறைந்தது கேமரன் மலையில் 7.8 டிகிரி, 1978 பிப்ரவரி 1. இரண்டுக்கும் நடுவே 32 டிகிரி வித்தியாசம். நல்ல புத்தியுள்ள எவரும் இதை ஒரு புள்ளிவிவரமாகப் பார்ப்பார். சித்தி இதை ஒரு பட்டியலாகப் பார்ப்பார். இரண்டு முனைக்கும் சேர்த்தே துணி எடுத்து வைப்பார், போவது இரண்டு ராத்திரிக்குத்தான் என்றாலும்.

அடுத்து, வானிலையை யாரிடம் கேட்பது? கைப்பேசியிடம் கேட்காதீர்கள். பிற்பகலில் இடியுடன் மழை பெய்யலாம் என்று வருஷம் முழுக்க அது சொல்லிக்கொண்டே இருக்கும், பாதி நாள் அது உண்மையாகவும் இருந்துவிடும். பாட்டியைக் கேளுங்கள். பால்மரம் வெட்டிய காலத்துப் பாட்டி என்றால் உத்தமம். விடியுமுன் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்களுக்கு வானம் என்பது சம்பளச் சீட்டு. பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரத்தோடு வழிந்து போய்விடும், கிண்ணம் காலியாக இருக்கும், அன்றைக்கு வெட்டு கிடையாது. மலாக்கா நீரிணைப் பக்கத்திலிருந்து விடியலுக்கு முன் சீறிக்கொண்டு வரும் ‘சுமத்ரா’ காற்றை, அது கரை தொடுமுன்னே மோப்பம் பிடித்தவர்கள் அவர்கள். பாட்டி வாசலில் நின்று மேற்கே பார்த்து, “குடையை எடுத்துக்க” என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்காதீர்கள். கேட்டால் பஸ் போய்விடும்.

இனி சுவெட்டர். இந்தக் கையேட்டின் உயிர்நாடி இதுதான். பெரும்பாலான குடும்பங்கள் செய்வது என்ன? மலையில்தான் குளிரும் என்று கணக்குப் போட்டு, சுவெட்டரைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்து, அந்தப் பெட்டியை பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். பிறகு நாலு மணி நேரம் உறைவார்கள். மலைக்குப் போய்ச் சேரும்போது நண்பகல். கேமரன் மலையின் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி போலக் குறையும் என்ற கணக்கில் அங்கே பகலில் 23, 24 இருக்கும். தேயிலைச் சரிவில் பத்து நிமிஷம் ஏறி இறங்கினால் வேர்க்கும். சுவெட்டர் இடுப்பில் ஏறும், அப்படியே படத்திலும் விழும். குளிர்காலம் பஸ்ஸுக்குள்ளேயே வந்து போய்விட்டது என்பது அப்போதுதான் உறைக்கும். எனவே விதி: சுவெட்டர் மடியில், மிச்சமெல்லாம் அடியில். இன்னொன்று, அந்துருண்டை வாசம் போக சுவெட்டரை முதல் நாளே வெளியே எடுத்து உதறிவிடுங்கள். இருக்கைக்கு மேலே அந்த நெடியும் சுற்றிக்கொண்டிருந்தால் பிறகு மலைப்பாதை வளைவுகளில் நிலைமை கைமீறும்.

தலைக்கு மேலே காற்று வரும் வட்டத் துளையைக் கவனியுங்கள். அதை மூடுவதற்கென்று ஒரு திருகு இருக்கும். அது உடைந்திருக்கும். உங்களுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவர்கள் அதில் அடைத்தவற்றைத் தோண்டி எடுத்தால் நாட்டின் சமூக வரலாறு கிடைக்கும்: மடித்த டிக்கெட், டிஷ்யூ, நாசி லெமாக் சுற்றி வந்த காகிதம், பாதி கிழிந்த பிளாஸ்டிக் பை. எதையும் எடுக்காதீர்கள், உங்கள் பங்கையும் சேருங்கள். எவ்வளவு அடைத்தாலும் ஓரத்தில் ஒரு நூலிழை காற்று நேராகக் கழுத்தில் இறங்கும். ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் தோளில் நீர் சொட்டும்.

ஓட்டுநரிடம் முறையிடலாம். “அண்ணே, ஏர்கோனைக் கொஞ்சம் குறைங்கண்ணே” என்று முன்னால் இருப்பவர் கேட்பார். “குறைச்சா கண்ணாடி மூடிக்கும்மா, ரோடு தெரியாது” என்பார் அவர், தடித்த ஜாக்கெட்டுக்குள் இருந்தபடி. அது உண்மையும்கூட, மழையில் முன்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். எப்படியோ மனமிரங்கி நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே நிமிஷத்தில் பின்வரிசையிலிருந்து மாமா, “என்னண்ணே, புழுங்குது!” என்று கத்துவார். மாமாவைப் பின்வரிசையில் உட்காரவைக்காதிருப்பதும் ஒரு முன்னேற்பாடு.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் வேறொரு பருவம் தொடங்குகிறது. வளைவுகள். இதற்கு எடுத்துவைக்க வேண்டியவை ‘அசாம் போய்’ உலர்பழம், கோடாலித் தைலம், ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பை. ஓட்டையில்லாத என்ற சொல்லை அலட்சியப்படுத்தியவர்கள் அதைப் பற்றிப் பிறகு பேச விரும்புவதில்லை. வீட்டிலேயே ஊதிப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. வெறும் வயிறுதான் நல்லது என்பது அம்மா கட்சி. வெறும் வயிற்றில்தான் புரட்டும், புளிச்சோறும் நெத்திலி சம்பலும் அவித்த முட்டையும் உள்ளே இருந்தால் வயிறு அசையாது என்பது அத்தை கட்சி. என் அனுபவத்தில் அத்தை கட்சியினர் லாத்தா இஸ்கந்தர் அருவி வரை தெம்பாக இருக்கிறார்கள். அருவியில் எல்லாரும் படம் எடுக்க இறங்குவார்கள், அத்தை மட்டும் வேறு காரணத்துக்கு இறங்குவார். அதற்குள் ஆளாளுக்குத் தைலம் தடவியிருப்பதால் யாருக்கு என்ன செய்தது என்று மோப்பத்தில் கண்டுபிடிக்க முடியாது.

உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோவது தனி இலாகா. மலையில் 1929-இலிருந்து தேயிலைத் தோட்டம் இருக்கிறது, நம் ஆட்களும் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது கடல். ஆகவே பாசிர் பெனாம்பாங்கில் கருவாடு வாங்கிக்கொண்டு போவது மரபு. நாளிதழில் ஒரு சுற்று, பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று, மேலே ஒரு மைலோ டின். டின்னை பெட்டி அறையில் வைத்தீர்களோ, மலையேறிய பிறகு மொத்தப் பயணிகளின் சுவெட்டரும் ஒரே ஊர்க்காரர்களுடையது என்று தெரியும். அந்த வகையில் சுவெட்டரை மடியில் வைக்கச் சொன்னதற்கு இரண்டாவது காரணமும் கிடைத்துவிட்டது.

புகைமூட்டம் என்று ஒன்று உண்டு, அதற்குத் துணி கிடையாது. வறண்ட மாதங்களில் ராஜா மூசா பக்கத்துக் கரிச்சேற்றுக் காடு பற்றிக்கொண்டால், மேலே அணைத்தாலும் மண்ணுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். மேஜை இழுப்பறையில் 2020-இல் மிஞ்சிய முகக்கவசங்கள் கிடக்கும், அவற்றை அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானுக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கையேட்டில் ஆலோசனை இல்லை. தேதியை மாற்றச் சொல்லுங்கள்.

மலை உறவினர்கள் பதில் மரியாதைக்குக் கீழே இறங்கி வருவார்கள். அவர்களுக்கு எல்லாம் தலைகீழ். பஸ்ஸில் வந்த ஜாக்கெட்டோடு கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தி குன்றில் ஏறினால் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். கழற்றச் சொல்லுங்கள், ஆனால் கையில் வாழைப்பழம் இருந்தால் அதை ஜாக்கெட்டுக்குள் சுற்றிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளிமுடி லோத்தோங் குரங்குகள் சாதுவாகக் கையை நீட்டிக் கேட்டு வாங்கும். நீள்வால் குரங்கு கேட்காது, பையோடு போய்விடும். பாட்டியின் கைப்பையில் இருந்த கோடாலித் தைலப் புட்டியை ஒன்று மூடியைக் கடித்துத் திறந்து, முகர்ந்து, பாட்டியைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். சாயங்காலம் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கத் துடுப்புப் படகு. முழுக்கைச் சட்டை கொசுவுக்கு, மழைக்கோட்டு மழைக்கு. கைப்பேசி விளக்கு எதற்குமே வேண்டாம். பெரம்பாங் மரத்தில் பூச்சிகள் ஒளிரும்போது மாமா டார்ச் அடித்துத் தேடினால் அவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, திரும்பும் வழி. மலையில் எதுவும் வாங்குவதில்லை என்று எல்லாரும் புறப்படும்போதே சத்தியம் செய்வார்கள். கேமரன் முட்டைக்கோஸ் பெஸ்தாரி ஜெயா பாசாரிலேயே கிடைக்கிறது, தூக்கி வர வேண்டியதில்லை, விலையும் பெரிதாக வித்தியாசமில்லை. மலையின் கியா ஃபார்ம் சந்தையில் பஸ் நின்றதும் சத்தியம் கலையும். சோளம், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி, கீரைக் கட்டு, மூன்று முட்டைக்கோஸ், கூடவே நசுங்கப்போகும் ஸ்ட்ராபெரி ஒரு டப்பா. எனவே காலிச் சாக்கு ஒன்று மடித்து எடுத்துப்போங்கள், சணல் கயிறும். ஸ்ட்ராபெரியை அத்தையின் மடியில் கொடுங்கள், இறங்கும் வழியில் அவர் எதையும் சாப்பிடப் போவதில்லை. கீரையை இருக்கைக்கு மேலே, அந்தக் காற்றுத் துளைக்கு நேராக வையுங்கள், வாடாது. ஏர்கோனை உண்மையிலேயே அனுபவிக்கும் ஒரே பயணி அதுதான். அதற்காகவாவது ஓட்டுநரிடம் மறுபடி ஏர்கோனைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.