ஐந்தெழுத்து ஊருக்குப் பத்துக் குறி

கேள்வி: பைத்தான் பழகுகிறேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்து நான் எழுதிய ஃபங்ஷனுக்குள் 'காரைக்குடி' என்று கொடுத்தால் க, ர, க, க, ட என்று உதிர்ந்து வருகிறதே, ஏன்?
- கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: ஊரின் காலையும் கொம்பையும் கழற்றிவிட்டீர்களே! நமக்குக் காரைக்குடி 5 எழுத்து. யூனிகோடுக்கு 10 குறி. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. பின்சாய்கோட்டோடு 'டபிள்யூ' போட்டால், பைத்தான் இந்தத் துணைக்குறிகளை எழுத்தாகச் சேர்க்காது. அதற்குப் பதில், தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களையும் சதுர அடைப்புக்குள் வரம்பாகக் கொடுத்து, பின்னால் கூட்டல் குறி போடுங்கள். பெயர் முழுசாக வரும். ஊர்ப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்து ஆர்கியூமென்ட்டாக அனுப்புங்கள். தேவகோட்டைக்கும் அதே ஃபங்ஷன் உதவும். எந்த ஃபங்ஷன் எழுதினாலும் தமிழ்ப் பெயரில் சோதியுங்கள். ஆங்கிலப் பெயரில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.