பல்லினம் வேண்டுமா? கட்டணம் கட்டுங்கள்

ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததும் ஜொகூர் பாருவின் பேரங்காடிகளில் கல்விக் கண்காட்சி முளைத்துவிடும். மேசைக்கு மேசை பளபளப்புக் கையேடு. எதைப் புரட்டினாலும் அட்டையில் அதே மூன்று பேர். தூடோங் அணிந்த மலாய்ப் பெண். கண்ணாடி போட்ட சீனப் பையன். ஓரத்தில், பல் தெரியச் சிரிக்கும் நம் பிள்ளை. ஜொகூர் மக்கள்தொகையில் இந்தியர் நூற்றுக்கு ஆறேழு பேர். அட்டைப்படத்தில் மட்டும் மூன்றில் ஒருவர். இந்த நாட்டில் நமக்கு விகிதாசாரத்துக்கு மேல் கிடைத்த ஒரே ஒதுக்கீடு அதுதான்.

அமெரிக்காவில் சிறுபான்மை மாணவர்களுக்கு ஆலோசகர்கள் ஒரு புத்தி சொல்வார்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் அங்கே உன் இனத்தவர் எத்தனை பேர் என்று பார். உன்னைப் போன்ற விரிவுரையாளர் உண்டா என்று கேள். வளாகத்தில் ஒருநாள் நடந்து பார். நல்ல புத்திதான். தேர்ந்தெடுக்கும் உரிமை உள்ளவனுக்கு அது உதவும். அங்கே சிறுபான்மையைக் கைதூக்கிவிட இனத்தைக் கணக்கில் எடுத்தார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் தடை போட்டது. இங்கே கைதூக்கிவிடப்படுவது பெரும்பான்மை. 1971-இல் அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவில் பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டைச் சேர்த்தார்கள். அந்தச் சிறப்புரிமையைக் கேள்வி கேட்பதே தேச நிந்தனை என்றும் சட்டம் எழுதினார்கள். கதவைப் பூட்டிச் சாவியையும் விழுங்கிவிட்டார்கள்.

ஆகவே ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளை எந்த வளாகத்தில் பல்லினம் இருக்கிறது என்று தேடிப் போவதில்லை. எந்த வளாகம் தன்னை உள்ளே விடும் என்று தேடுகிறான்.

முதலில் மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பு. தங்காக்கில் ஒரு கல்லூரி, பொந்தியானில் பொறியியலுக்கு ஒன்று. பெரும்பாலோர்க்கு ஓராண்டுப் படிப்பு. கல்விச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறு இடம் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு. மிச்சம் பத்தைச் சீனரும் இந்தியரும் மற்றவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 2012-இல் அப்போதைய பிரதமர் நஜிப் இந்தியப் பிள்ளைகளுக்கு 1,500 இடம் என்று அறிவித்தார். அதன் பிறகு 1,500 நிரம்பியதா, நிரம்பவில்லையா, யார் பொய் சொல்வது என்பதே நம் தமிழ்ப் பத்திரிகைகளின் ஆண்டுத் திருவிழா.

2018-இல் ஆட்சி மாறியது. புதிய மலேசியா என்றார்கள். தோட்டத்துக் கிழவியும் விரலில் மை தடவிக்கொண்டு பூரித்தாள். 2019 ஏப்ரலில் புதிய மலேசியா ஒரு முடிவெடுத்தது. மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கியது. விகிதம்? அதே தொண்ணூறு, பத்து. கூடிய 15,000 இடத்தில் நூற்றுக்குப் பத்து என்றால் 1,500. அதைத்தான் எல்லாரும் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போது கல்வியமைச்சர் மஸ்லி மாலிக். நம் ஜொகூர் ஆள், சிம்பாங் ரெங்கம் எம்பி. ஒதுக்கீடு ஏன் என்று கேட்டதற்கு அவர் வேலைச் சந்தையைக் காட்டினார். தனியார் நிறுவனங்கள் மாண்டரின் தெரிந்தவர்களுக்கு மட்டும் வேலை கொடுத்தால் மலாய்ப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்ற பொருளில் பேசினார். கேட்ட தமிழனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சீன முதலாளி மாண்டரின் கேட்கிறான். சரி. அதற்குப் பரிகாரமாகக் கல்லூரியில் யார் இடத்தைக் குறைக்கிறீர்கள்? அதே மாண்டரின் தெரியாத, அதே வேலை கிடைக்காத தமிழன் இடத்தை! அவனுக்குக் கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு பேர் சண்டையில் அபராதம் மட்டும் மூன்றாமவனுக்கு.

2024-இல் இன்னொரு பெருந்தன்மை. எஸ்பிஎம்மில் பத்து ஏ எடுத்தால் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்றார் பிரதமர் அன்வார். கைதட்டல். ஒருவரும் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் படிக்கவில்லை. பத்து ஏ எடுத்தவனிடம் இனம் பார்க்க மாட்டோம் என்றால், ஒன்பது எடுத்தவனிடம் பார்ப்போம் என்றுதானே பொருள்? அடுத்த ஆண்டே அந்தப் பத்தில் ஏ-மைனஸ் சேருமா சேராதா என்று சர்ச்சை. வாக்குறுதி கொடுத்த கையோடு அளவுகோலை எடுத்து மழுங்கிய முனையைத் தேடினார்கள்.

மெட்ரிகுலேஷன் கிடைக்காதவன் ஆறாம் படிவம் போகிறான். எஸ்டிபிஎம். மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, நாட்டிலேயே கடினமான தேர்வு என்று பெயர். அவனும் மெட்ரிகுலேஷன் பிள்ளையும் கடைசியில் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒருவன் ஓட்டப்பந்தயம் ஓடி வந்தவன். மற்றவன் தடை தாண்டி வந்தவன். இருவருக்கும் ஒரே கடிகாரம். 2002-இலிருந்து இதற்குத் தகுதி முறை என்று பெயர். 2025-இல் எஸ்டிபிஎம்மில் 4.00 வாங்கிய ஒரு சீன மாணவர் கணக்கியல் கேட்டார், நிர்வாகம் கொடுத்தார்கள். விசாரித்தால், மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதே கணக்கியலுக்குத் தனிக் கட்டண வழி ஒன்று இருக்கிறதாம். பல்லாயிரம் ரிங்கிட். முன்வாசலில் தகுதி போதாது என்றவர்கள் பக்கவாசலில் பணப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி யுஐடிஎம் பல்கலைக்கழகம். ஜொகூரில் சிகாமட்டில் ஒரு வளாகம், பாசிர் கூடாங்கில் ஒன்று. நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள். பூமிபுத்ராக்களுக்கு மட்டும். லாபிஸ், சிகாமட் வட்டாரத்து ரப்பர் மரங்களைச் சீவிய கையின் பேரப்பிள்ளை அந்த வேலிக்கு வெளியே பேருந்துக்கு நிற்கலாம். உள்ளே போய்ப் படிக்க முடியாது. ஆனால் அதே பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிறது. கடல் தாண்டி வந்தவனுக்கு இடம் உண்டு. நாலு தலைமுறையாகப் பக்கத்தில் வரி கட்டுகிறவனுக்கு இல்லை. தாத்தா கப்பலேறி வந்தது தப்பில்லை. பேரன் இங்கேயே பிறந்ததுதான் தப்பு போலிருக்கிறது.

2024-இல் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் பற்றாக்குறை. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பயிற்சி யுஐடிஎம்மில் மட்டும் இருந்தது. அந்த ஒரு படிப்பையாவது எல்லா இன மருத்துவர்களுக்கும் திறந்துவிடலாமே என்று மலேசிய மருத்துவர் சங்கம் யோசனை சொன்னது. யுஐடிஎம் மாணவர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவிக்க எல்லாரையும் கறுப்பு உடை அணியச் சொன்னது. நோயாளி சாவதற்கு முன்பே துக்கம் அனுசரித்த முதல் பல்கலைக்கழகம் அதுவாகத்தான் இருக்கும்.

மலாய்ப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. கோத்தா திங்கி பெல்டா குடியேற்றத்துப் பிள்ளைக்கும் ஏழ்மை என்றால் என்ன என்று தெரியும். ஆனால் ஏழ்மையைப் பார்த்து இடம் கொடுத்திருந்தால் அவனும் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். இனத்தைப் பார்த்துக் கொடுத்ததால் அமைச்சர் மகனும் பெல்டா பையனும் ஒரே ஒதுக்கீட்டில் நிற்கிறார்கள். அங்கே யார் முந்துவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் வைத்துக்கொண்டு நம்மிடம் ஒற்றுமை பேசுவார்கள். ஒரு மலேசியா என்றார் ஒருவர். மலேசியக் குடும்பம் என்றார் இன்னொருவர். மடானி என்கிறார் இன்றைக்கு இருப்பவர். ஒற்றுமை கெடுவதற்குக் காரணம் யார் என்று தேடிக் கடைசியில் தமிழ்ப்பள்ளியில் வந்து நிற்பார்கள். தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று சில அமைப்புகள் நீதிமன்றம் வரை போயின. 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அப்படியில்லை என்று சொன்ன பிறகும் மேல்முறையீடு. ஏழு வயதுப் பிள்ளை தமிழில் ஆனா ஆவன்னா படித்தால் நாடு பிளவுபடுகிறது. பத்தொன்பது வயதில் உள்ளே போகும் ஒன்றரை லட்சம் பேர் மற்ற மலேசியர் முகமே பாராமல் பட்டம் வாங்கினால் நாடு வளர்கிறது.

அப்படியே நம் பிள்ளைக்கு ஸ்கூடாயில் யுடிஎம் பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கிடைக்காமலில்லை, கிடைக்கிறது. தாத்தா கோயிலில் தேங்காய் உடைக்கிறார். பிள்ளை உள்ளே போனதும் நாகரிகங்களைப் பற்றி ஒரு கட்டாயப் பாடம். பல்லினச் சமுதாயத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டுமல்லவா? 2016-இல் அந்தப் பாடத்துக்கு அங்கே காட்டிய படவில்லைகள் வெளியே வந்தன. இந்துக்கள் உடல் அழுக்கைச் சமய வழக்கமாகக் கருதியவர்கள் என்று அவற்றில் எழுதியிருந்தது. சீக்கியர்களுக்கும் தனியே ஒரு பூசை. அப்போதைய கல்வித் துணையமைச்சர் கமலநாதன் தலையிட்டார். பல்கலைக்கழகம் பாடப்பொருளைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டது. ஆக, காலையில் குளித்து, திருநீறு வைத்து, முதல் மணிக்கு வகுப்புக்குப் போன பிள்ளை, தான் அழுக்கானவன் என்று குறிப்பெடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. தேர்வில் அதை எழுதினால்தான் மதிப்பெண்.

இது முதல் தடவையும் இல்லை. 2006-இல் புத்ரா பல்கலைக்கழகத்தின் இன உறவுப் பாடநூலில் 1969 மே 13 கலவரத்துக்கும் 2001 கம்போங் மேடான் கலவரத்துக்கும் பழி சுமத்திய விதம் பார்த்து அமைச்சரவையே அதைத் திரும்பப் பெற வைத்தது. இன உறவு பின்னர் எல்லா அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் கட்டாயப் பாடமானது. யுஐடிஎம்மிலும்தான். சீனரும் இந்தியரும் இல்லாத வகுப்பில் சீனரோடும் இந்தியரோடும் எப்படிப் பழகுவது என்று பாடம். தண்ணீர் இல்லாத குளத்தில் நீச்சல் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

விடுதியில் இடமில்லாமல் வெளியே அறை தேடினால் அங்கே வேறு பாடம். வாடகை விளம்பரத்தில் இந்தியர்களுக்கு இல்லை என்று கூச்சமில்லாமல் எழுதுவார்கள். இதை எழுதுபவர் பெரும்பாலும் சீனர் என்பதையும் சொல்லிவிடுவோம். ஒதுக்கீட்டில் தமக்கு நேர்ந்த அநியாயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் அதே வாய்தான், அறைச்சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கறி வாசனை என்று மூக்கைப் பொத்துகிறது.

உண்மையான பல்லின வளாகம் ஜொகூரில் இல்லையா? இருக்கிறது. இஸ்கந்தார் புத்ரியில் எடுசிட்டி. நியூகாசல், ரெடிங் என்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் கடை விரித்திருக்கின்றன. அங்கே எல்லா நிறமும் உண்டு. கட்டணச் சீட்டைப் பாருங்கள், தெரியும். கையேட்டு அட்டையில் உள்ள மூவரும் நிஜமாகவே ஒரே மேசையில் சாப்பிட வேண்டுமென்றால், மூவருடைய அப்பாக்களும் பணக்காரர்களாக இருக்க வேண்டும். அரசாங்கம் நமக்கு இலவசமாகத் தர வேண்டிய ஒற்றுமையைத் தனியார் பருவக் கட்டணத்தில் விற்கிறார்கள். அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடனிலும் வாங்கலாம். நாற்பது வயது வரை கட்டலாம்.

நம்மவர்கள் என்ன செய்தார்கள்? சீனர்கள் ஸ்கூடாயிலேயே சமூகப் பணத்தில் சவுத்தர்ன் கல்லூரியைக் கட்டினார்கள். ம.இ.கா.வும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கட்டியது, அதை மறுக்கக்கூடாது. கட்டிய இடம் கெடா. ஜொகூரிலிருந்து தீபகற்பத்தின் மறுகோடி. பிறகு மித்ரா வந்தது. இந்தியர் மேம்பாட்டுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட். அந்தப் பணம் யார் மேம்பாட்டுக்குப் போனது என்று 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. மற்ற நேரத்தில் நாம் கும்பாபிஷேக ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டிருந்தோம்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடந்துவிட்டார்கள். ஒரு கிலோமீட்டர் தூரம். 2011-இல் உலக வங்கி கணக்கெடுத்தது: வெளிநாட்டில் மலேசியர் சுமார் பத்து லட்சம் பேர், பாதிக்கு மேல் சிங்கப்பூரில். கேட்கப்பட்டவர்களில் பத்தில் ஆறு பேர் வெளியேறியதற்குச் சமூக அநீதியையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாலை ஐந்து மணிக்கு நிற்கும் வரிசைதான் நம் நாட்டின் உண்மையான பல்லின வளாகம். மலாய்க்காரர், சீனர், தமிழர், எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒதுக்கீடு இல்லை. கையேடும் இல்லை.

கல்வியமைச்சுக்கும் உயர்கல்வியமைச்சுக்கும் ஒரே ஒரு கோரிக்கை. ஒதுக்கீட்டை எடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்கு உங்களுக்குத் தைரியம் இல்லை என்று நாட்டுக்கே தெரியும். விண்ணப்பப் பாரத்தில் எங்கள் இனத்தைக் கேட்கிறீர்கள். நாங்களும் நிரப்பித் தருகிறோம். இனி நீங்கள் நிரப்புங்கள். எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில், எந்த இனத்தில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், என்ன மதிப்பெண்ணில் எத்தனை பேருக்கு இடம் கொடுத்தீர்கள் என்று ஆண்டுதோறும் அச்சடித்து வெளியிடுங்கள். கையேட்டின் அட்டையிலேயே போடுங்கள், அந்த மூன்று சிரிப்புக்குக் கீழே.