கம்பளத்தின் முதுகு: கேள்வி-பதில்

வாசகர், ஊரூர் ஒல்காட் குப்பம்: பெசன்ட் நகரில் வீட்டைக் காலி செய்யும் பெரியவர் ஒருவர், தம்மிடமுள்ள பாரசீகக் கம்பளம் நூறு வருஷத்துப் பழையது என்று விலை பேசுகிறார். எனக்கு வலை பின்னத் தெரியும். கம்பளம் பார்க்கத் தெரியாது. என்ன செய்யலாம்?

பதில்: முடிச்சைத் தடவிப் பார்த்தே வலையின் யோக்கியதையைச் சொல்லிவிடும் கைக்கு வேறு உபாத்தியாயர் எதற்கு? பெரியவர் கம்பளத்தின் முகத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே, தாட்சண்யம் பாராமல் அதைக் குப்புறத் திருப்பிவிடுங்கள். கையால் முடிந்ததாயின், பூவும் கொடியும் முதுகிலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் இம்மியளவு ஏறியும் இறங்கியும் இருக்கும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நீட்சியாகவே இருக்குமன்றி, பிற்பாடு வைத்துத் தைத்த அலங்காரமாக இராது. நூறு வருஷம் என்ற வார்த்தையிலும் மயங்க வேண்டாம். 1856-ல் லண்டனில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது வாலிபர் கொய்னா மருந்தைச் செய்யப்போய்ச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடிக்க, அந்தச் சரக்கு அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே பாரசீகத் தறிகளையும் எட்டிவிட்டது. ஆகையால் நூறு வயதுக் கம்பளத்திலும் மட்டமான சாயம் இருக்கக்கூடும். கம்பளி இழைகளை விலக்கிப் பாருங்கள்: நுனி வெளுத்து, அடியில் மாத்திரம் பளீரென்ற ஊதா தெரிந்தால், பெரியவரின் தேக ஆரோக்கியத்தை விசாரித்துவிட்டு விடைபெறலாம்.

வாசகர், மயிலாப்பூர்: நண்பர் வாங்கிய காஷ்காய்க் கம்பளத்தில் நீலம் பாதியில் வேறு நீலமாகிவிட்டது. பழுதல்லவா?

பதில்: காஷ்காய் ஜனங்கள் தென் பாரசீகத்தில், கோடைக்கு மலையும் குளிருக்குச் சமவெளியுமாக மந்தைகளோடு சஞ்சரித்தவர்கள், தறியைத் தரையில் படுக்கவைத்து நெய்து, புறப்படும்போது சுருட்டிக்கொள்வார்கள். சிறிது சிறிதாகச் சாயம் தோய்க்கும் கம்பளி, மறுமுறை அதே நிறத்தில் வாய்ப்பதில்லை. இதற்கு அப்ரஷ் என்று பெயர். இதற்காகவே அதிக விலை கொடுக்கும் ரசிகர்கள்தாம், தங்கள் வீட்டுச் சுவரில் வர்ணக்காரர் இதையே செய்தால் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

வாசகர், தியாகராய நகர்: நம் பழைய ராஜதானியில் கம்பளம் நெய்யும் கலை இருந்ததுண்டா?

பதில்: இல்லாமலென்ன! அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த ஏலூரும் மசூலிப்பட்டணமும் கம்பளத்துக்குப் பேர்போனவை. வாலாஜாபேட்டையிலும், தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டையிலும்கூட நெய்தார்கள். ஹென்றி ஹாரிஸ் என்பவர் இவற்றைப் பற்றி எழுதிய நூலை, சென்னை அரசாங்க அச்சகமே 1908-ல் வெளியிட்டது. இதைவிட விசேஷம், தக்காணத்தில் நெய்து டச்சுக்காரர் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோன பழங்கம்பளங்கள் சில, ஜப்பானில் கியோட்டோ நகரத்து கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரித்துக்கொண்டு, ஒவ்வொரு ஜூலை மாதமும் வீதிவலம் வருகின்றன. நாம் காலில் போட்டு மிதித்தோம். அவர்கள் தேரில் ஏற்றினார்கள். எது பிழைத்திருக்கிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வாசகி, ஊரூர் ஒல்காட் குப்பம்: எங்கள் உப்புக் காற்றில் கம்பளம் தாங்குமா? ஏழைகள் சேகரிக்க ஏதேனும் உண்டா?

பதில்: காற்றைவிட ஈரமும் இருட்டுமே சத்துரு, பீரோவுக்கு அடியில் மறைந்த பாகத்தில்தான் பூச்சி குடும்பம் நடத்தும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அவ்வப்போது முதுகை வெயிலில் காட்டுங்கள். செலவில்லாத சேகரத்துக்குப் பவானி ஜமக்காளம் இருக்கிறது: குழித்தறியில் தடித்த பருத்தி நூலால் பட்டை பட்டையாக நெய்தது, கம்பளி இல்லையாதலால் அந்தப் பூச்சிக்கு அதில் ருசியில்லை. கல்யாணப் பந்தலில் நூறு பேரை உட்கார்த்திய பழைய ஜமக்காளம் ஏதேனும் ஒரு பாட்டி வீட்டுப் பரணில் நிச்சயம் கிடக்கும். கேட்கப் போகும்போது அவசரம் காட்டாதீர்கள். சேகரிப்பவர் என்று தெரிந்துவிட்டால், பாட்டியும் நூறு வருஷத்துப் பழையது என்று ஆரம்பித்துவிடுவாள்.