‘சும்மா வரும்’: பூனைப்பற்றாளர் தம்மை ஒப்புக்கொள்ளும் முறைமை குறித்த ஒரு முதல்நிலை ஆய்வு

தமிழ்நாட்டில் பூனை வளர்ப்பவர் எவருமிலர். இது இவ்வாய்வின் முதல் முடிபு. தெருத்தெருவாக விசாரித்ததில் கிடைத்த வாக்குமூலம் ஒன்றே: “நம்ம பூனை இல்லீங்க, சும்மா வரும்.” அது சும்மா வந்து, சும்மா மூன்று வேளை தின்று, சும்மா மெத்தையில் படுத்து, பீரோவுக்குப் பின்னால் சும்மா குட்டியும் போட்டுவிடுகிறது. நாய் வைத்திருப்பவர் வாசலில் பலகையே மாட்டுகிறார். பூனைப்பற்றாளர் மட்டும் ஏன் ஒளிகிறார்?

சகுனத்தின்மேல் பழி போடுவது எளிது. ஆனால் மரபு வேறு சாட்சி சொல்கிறது. கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிவிட ஆசைப்பட்ட பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். அந்தப் பேராசையை இவ்வளவு கிட்டத்தில் அறிந்தவர் வீட்டுக்கும் ஒன்று சும்மா வந்துகொண்டிருந்திருக்க வேண்டும் என்பது எம் துணிபு. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் (பகீரதன் தவம் என்பாரும் உளர்) ஒரு பூனையும் கைதூக்கித் தவம் செய்கிறது; சுற்றிலும் எலிகள். போலித் துறவைக் கேலி செய்யும் சிற்பம் என்பர் அறிஞர். தவம் தவம்தானே என்பர் பூனைப்பற்றாளர்.

தென்கலை வைணவம் இன்னும் ஆழம் போகிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இறையருள் பின்னது போன்றது என்பது மார்ஜார நியாயம். பூனைப்பற்றாளர் உருவாவதும் இப்படியே. அவர் எதையும் பற்றவில்லை, கவ்வப்பட்டார்.

பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டார்கள். கூப்பிட்டால் வராததற்குக் காரணம் செவிக்குறை அன்று என்பது இதனால் பெறப்படும். இதைக் கேட்டு மனம் நோகாமல் பூரித்துப்போகிறவருக்குப் பற்று முற்றிவிட்டது என்று கொள்க.

முற்றிய பற்று வெளிப்படும் இடம் மீன்கடை. நாம் கவனித்தவர் தலைமுறை தலைமுறையாகச் சைவச் சாப்பாட்டுக் குடும்பம். மொட்டைமாடியில் தனி அடுப்பு, தனிச் சட்டி ஏற்பாடாகிவிட்டது. விடிகாலையில், தெரிந்தவர் யாரும் இல்லையே என்று இருபுறமும் பார்த்துவிட்டு,

“நெத்திலி கால் கிலோ கொடுங்கம்மா” என்றார்.

“குழம்புக்கா, வறுக்கவா?”

இரண்டுக்கும் அவரிடம் விடையில்லை. தராசு காத்திருந்தது. பின்னால் நின்ற அம்மாள் கூடையை இடுப்பு மாற்றினார்.

“...வீட்ல பூனை இருக்கு.”

‘சும்மா வரும்’ என்பது அங்கே, சாட்சிகள் முன்னிலையில், உதிர்ந்தது. மீன்கார அம்மா வியக்கவில்லை. எடைக்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டு, “இந்த மத்தித் தலையும் எடுத்துட்டுப் போ சாமி. பேரு என்ன?” என்றார்.

“மீனாட்சி” என்றார் அவர். கேட்டது தம் பெயரையோ என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை.