பத்தாயத்தின் வாய்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயம் ஒன்று இருந்தது. அம்மா அதன் அடிவாய்ப் பலகையை மேலே இழுத்ததும் நெல் சரசரவென்று மரக்காலில் இறங்கும்; நான் நடுவில் உள்ளங்கையை நீட்டி அதன் குளிர்ச்சியையும் சுணையையும் வாங்கிக்கொள்வேன். உங்கள் வீட்டில் அது குதிராக இருந்திருக்கலாம், அந்த வாசனை மட்டும் ஒன்றுதான்.

விளைச்சலை அப்பா ரூபாயில் சொல்லிக் கேட்ட ஞாபகமில்லை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். சாப்பாட்டுக்கு இத்தனை கலம், வைக்கோல் கோட்டை கட்ட விதைநெல், அறுத்தவர்களுக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் அளந்தது போக மிஞ்சினால்தான் வண்டி மில்லுக்குப் போகும். ஒரு மா நிலத்தில் மாப்பிள்ளைச் சம்பா, பக்கத்தில் கிச்சிலி, அறுப்புக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்து.

1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 போன்ற புது நெல் ரகங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தன. ஐந்து மாதம் நின்ற சம்பாவுக்குப் பதில் மூன்றரை, நாலு மாதத்தில் கதிர் முற்றியது, களத்துக்கே லாரி வந்தது. அதன் பின்னால் ஓடிய பையன்களில் நானும் ஒருவன். நல்ல காலம் வந்துவிட்டது என்று நம்பினேன், அந்த நம்பிக்கை பொய்யில்லை. அதற்கு முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பத்தாயத்தின் அடி தெரியும். நிலமில்லாத வீடுகளில் அதற்கும் முன்பே அடுப்பு அணைந்துவிடும். அந்தப் பசியைக் குறைத்தது புது நெல்தான். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அதை விற்ற பணம்தான்.

ஆனால் விற்பதற்கென்றே விதைக்கத் தொடங்கியதும் உரம், மருந்து, டீசல் எல்லாம் முன்பணம் கேட்டன. அண்ணன் மகன் இன்று நகையை வைத்துக் குறுவை நடுகிறான். இயந்திரம் அறுத்துக் கொட்டிய நெல்லை அப்படியே கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றுகிறான், வீட்டுச் சோற்றுக்குக் கடையில் 26 கிலோ பை வாங்குகிறான். பத்தாயத்தை எப்போதோ பிரித்துக் கதவு செய்துவிட்டார்கள்.

போன குறுவையில் அவனோடு நெல் குவியலருகே நின்றேன். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றான். அப்பா செய்வதுபோல ஒரு மணியை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தேன். நறுக்கென்று உடையவில்லை, நசுங்கியது.

"இன்னும் ஒரு வெயில் வேணும்டா."

"மானம் இருட்டுது சித்தப்பா," என்றபடி அவன் தார்ப்பாயை இழுக்க ஆரம்பித்தான். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.